நேர்காணல் கோருவது மனுக் கொடுப்பதன்று

தனியார் நிறுவனமொன்றில் ஓர் இடம் காலியாகும்போது அதை முதலில் அறிபவர் அங்கே ஏற்கெனவே பணிபுரிபவர். அவர் தம் மைத்துனரிடம் சொல்கிறார். மைத்துனர் தம் கல்லூரி நண்பரிடம் சொல்கிறார். மாலைக்குள் மூன்று பேரின் தன்விவரக் குறிப்புகள் மேலாளரின் கைப்பேசிக்கு வந்துவிடுகின்றன. மறுநாள் அவர்களில் ஒருவர் நேரில் வந்து பேசிவிட்டுப் போகிறார், இடம் நிரம்பிவிடுகிறது. விளம்பரம் எதுவும் வெளியாகவில்லை. யாரும் யாரையும் வெளிப்படையாக விலக்கவும் இல்லை. ஆனால், காலியிடச் செய்தி போன வழியைத் தொடர்ந்து பார்த்தால், அது திருமண அழைப்பிதழ் போகும் அதே வழியாக இருப்பதைக் காணலாம்.

தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் இம்முறைக்கு ‘எம்ப்ளாயி ரெஃபரல்’ என்று பெயர் சூட்டி, ஆள் கொண்டுவருபவருக்கு ஊக்கத்தொகையும் வழங்குகின்றன. கடைவீதியில் இதையே ‘தெரிந்த பையன்’ என்கிறார்கள். காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று 1959ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. 25 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் தனியார் நிறுவனங்களும் அதன் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. அந்த அலுவலகம் அனுப்பும் ஆளைத்தான் அமர்த்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதையும் அச்சட்டத்தின் 4ஆம் பிரிவே தெளிவாகச் சொல்லிவிட்டது. அறிவிப்பது கடமை, அமர்த்துவது முதலாளியின் விருப்பம்.

இந்த வட்டத்துக்கு வெளியே நிற்கும் ஒரு தலித் பட்டதாரிக்கு எஞ்சியிருக்கும் வழிகளுள் ஒன்று, யாருடைய பரிந்துரையுமின்றி முதலாளியிடமே நேர்காணல் வாய்ப்பைக் கேட்பது. அதை எப்படிக் கேட்பது, கேட்கும்போது சட்டம் எவ்வளவு தூரம் துணைவரும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பவற்றையே இக்கட்டுரையில் எடுத்துரைக்கிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நேர்காணலே இல்லாமல் நம்மை எடுத்துக்கொள்ளும் வேலைகள் எப்போதும் இருந்துவந்துள்ளன. ஒப்பந்ததாரரின் கீழ்த் துப்புரவுப் பணிக்குச் செல்பவரிடம் யாரும் தன்விவரக் குறிப்பு கேட்பதில்லை. திண்டுக்கல், ஈரோடு, கோவை, திருப்பூர் வட்டாரங்களின் நூற்பாலைகளுக்கு ‘சுமங்கலித் திட்டம்’ என்றும் ‘திருமண உதவித் திட்டம்’ என்றும் சொல்லி இளம்பெண்களை அழைத்துச் சென்றபோது, தரகர் ஊருக்கு வந்தார், வேன் வந்தது, பெற்றோரிடம் ஒரு தொகை பேசி முடிக்கப்பட்டது. மூன்றாண்டு முடிவில் மொத்தமாகத் தருவதாகச் சொன்ன பணம் பலருக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. அப்பெண்களில் கணிசமானோர் நம் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள். எந்த வேலைக்கு நம்மைத் தேடி வருகிறார்கள், எந்த வேலைக்கு நாம் தேடிப் போக வேண்டியிருக்கிறது என்னும் பிரிவினையே தொழிற்சந்தையில் சாதி இயங்கும் விதத்தைக் காட்டிவிடுகிறது. தரகரைத் தவிர்த்து நேரடியாகப் பேசுவது, பட்டதாரிகளைப் போலவே ஆலைத் தொழிலாளர்களுக்கும் உரியதொரு பாதுகாப்பு.

விண்ணப்பம் அனுப்பினாலும் பெயரைப் பார்த்தே ஒதுக்கிவிடுவார்கள் என்ற சலிப்பு நம் இளைஞர்களிடம் உண்டு. அது வெறும் ஐயமன்று. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகிய ஆய்வாளர்கள், நாளேடுகளில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தனர். நிகரான கல்வித் தகுதியுடைய விண்ணப்பங்கள். பெயர் மட்டுமே உயர்சாதி இந்து, தலித், முஸ்லிம் என வேறுபட்டது. 2007ஆம் ஆண்டு ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் முடிவுகள் வெளியாயின. நேர்காணல் அழைப்புக் கிடைக்கும் வாய்ப்பு உயர்சாதிப் பெயருக்கு 100 என்று கொண்டால், தலித் பெயருக்கு ஏறத்தாழ 67. முஸ்லிம் பெயருக்கு 33. எழுத்துத் தேர்வோ முகம் பார்த்தலோ இல்லாத, முதல் படியிலேயே நிகழ்ந்த கழிவு இது.

அவ்வாய்வு குடும்பப் பெயரைக் கொண்டு சாதியை அடையாளம் காட்டியது. தமிழ்நாட்டில் அந்த உத்தி எடுபடாது. பெயருக்குப் பின்னால் சாதியை இணைக்கும் வழக்கத்தைச் சுயமரியாதை இயக்கம் பெரும்பாலும் ஒழித்துவிட்டது. நம்மிடம் இருப்பது முன்னெழுத்து மட்டுமே. ஆகையால் இங்கே சாதியைத் தேடுபவர் முகவரியைப் படிக்கிறார். ‘காலனி’ என்ற ஒரு சொல் போதும். அச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது, அதை ஒரு பெயர்மாற்ற விவகாரமாக மட்டும் பார்த்தவர்கள் வேலை தேடி விண்ணப்பம் எழுதியிராதவர்கள் என்றே நினைக்கிறோம். முகவரிக்கு அடுத்தபடி படிக்கப்படுவது பள்ளியின் பெயர். ‘அரசு ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளி’ என்று மதிப்பெண் சான்றிதழில் அச்சாகியிருப்பதை எவரும் மறைக்க இயலாது.

மறைக்க வேண்டுமா என்பது எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. எங்கள் கருத்து இது: தன்விவரக் குறிப்பு என்பது வேலை தொடர்பான தகவல்களுக்கான தாள். தந்தையின் பெயர், அவருடைய தொழில், சாதி, மதம், பிறந்த ஊர், முழு வீட்டு முகவரி ஆகியவற்றைத் தனியார் நிறுவனத்துக்கு அனுப்பும் குறிப்பில் எழுதியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வசிக்கும் நகரம், கைப்பேசி எண், மின்னஞ்சல் ஆகியவை போதும். நிறுவனமே தரும் படிவத்தில் ‘சமூகம்’ என்றொரு கட்டம் இருந்தால் அதை வெறுமையாக விடலாம். இட ஒதுக்கீடு நடைமுறையில் இல்லாத இடத்தில் அக்கட்டத்துக்கு என்ன வேலை என்று பணிவாகக் கேட்கவும் செய்யலாம். ஆனால், பொய்யாக எதையும் எழுதாதீர்கள். வேறு சாதி, வேறு பள்ளி, இல்லாத அனுபவம் எதுவாயினும், பின்னாளில் பணிநீக்கத்துக்கு அதுவே காரணமாகக் காட்டப்படும். அப்போது உங்கள் பக்கம் நின்று வாதிடுவது கடினம். சொல்லாமல் விடுவதற்கும் பொய் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டம் மதிக்கிறது. இன்னொரு கூட்டம், குறிப்பின் மேலேயே அண்ணலின் பொன்மொழியை எழுதி அனுப்புகிறது. அதையும் நாங்கள் குறை சொல்வதில்லை. அடையாளத்தை எப்போது வெளிப்படுத்துவது என்பது அவரவர் உரிமை.

இனிக் கடிதத்துக்கு வருவோம். இங்கேதான் நம் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. நம் குடும்பங்களில் எழுதப்பட்ட கடிதங்களுள் மிகப் பெரும்பகுதி மனுக்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் பட்டா கேட்டு மனு, மயானப் பாதை கேட்டு மனு, தெருவிளக்குக் கேட்டு மனு, உதவித்தொகை வரவில்லை என்று மனு. மனுவுக்கு ஓர் இலக்கணம் உண்டு: தன் இல்லாமையை முதலில் சொல்ல வேண்டும், அதிகாரியின் கருணையை வேண்ட வேண்டும், ‘தங்கள் கீழ்ப்படிந்த’ என்று முடிக்க வேண்டும். அரசிடம் உரிமை கேட்பதற்கே இத்தனை பணிவு தேவைப்பட்ட நாட்டில், அந்த நடை தலைமுறை தலைமுறையாகக் கையில் ஊறிவிட்டது. அதனால், வேலை கேட்டு எழுதும்போதும் முதல் வரி ‘நான் மிகவும் ஏழ்மையான குடும்பத்தைச் சேர்ந்தவன்’ என்று வந்து விழுகிறது. எங்களிடம் திருத்தக் கொண்டுவரப்பட்ட கடிதங்களில் அந்த வரியை எத்தனை முறை அடித்திருப்போம் என்பதற்குக் கணக்கில்லை.

தந்தையின் நோய், தங்கையின் திருமணம், குடிசை வீடு இவை எதுவும் நாணத்துக்குரியவை அல்ல. ஆனால் நீங்கள் எழுதுவது உழைப்பை விற்க முன்வரும் ஒருவர் அதை வாங்கக்கூடிய ஒருவருக்கு எழுதும் கடிதம். உங்களை அமர்த்துவதால் அவருக்கும் பயன் உண்டு. இரக்கத்தின் பேரில் உள்ளே எடுக்கப்பட்டவருக்கு ஊதிய உயர்வு கேட்கும் துணிவும் பிறகு வருவதில்லை என்பதைத் தொழிலாளர் வழக்குகளில் பார்த்திருக்கிறோம்.

இன்னொரு தவறு, முதல் கடிதத்திலேயே வேலையைக் கேட்பது. ‘ஏதாவது வேலை இருந்தால் தரவும்’ என்ற வரிக்கு ‘இல்லை’ என்ற ஒரே சொல் விடையாகிவிடும். பதினைந்து நிமிடச் சந்திப்பைக் கேளுங்கள். மறுப்பது அவ்வளவு எளிதன்று. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பொத்தாம்பொதுவாக ‘மேலாளர் அவர்களுக்கு’ என்று எழுதாமல், அந்தப் பிரிவின் பொறுப்பாளர் யார் என்று நிறுவனத்தின் தொலைபேசியில் கேட்டறிந்து அவர் பெயருக்கு எழுதுங்கள். நிறுவனம் எதைச் செய்கிறது என்று அறிந்திருப்பது ஒரு வரியிலாவது தெரிய வேண்டும். கோவையில் பம்பு உதிரிபாகம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றுக்கு ஒரு பட்டயதாரி எழுதுவதாக வைத்துக்கொண்டால், அது ஏறத்தாழ இப்படி அமையலாம்:

‘மதிப்புக்குரிய ஐயா, வணக்கம். இயந்திரவியலில் பட்டயம் பெற்றவன். 14 மாதங்களாக ஒரு பட்டறையில் சி.என்.சி. லேத் இயக்கிவருகிறேன், வரைபடம் பார்த்து நானே புரோகிராமைத் திருத்துவேன். தங்கள் நிறுவனத்தில் பம்புத் தண்டுகள் கடையப்படுவதை அறிவேன். அப்பணியில் எனக்குள்ள பயிற்சியை நேரில் விளக்க 15 நிமிடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வரும் புதன்கிழமை காலை தொலைபேசியில் அழைத்துத் தங்களுக்கு ஏற்ற நேரத்தைத் தெரிந்துகொள்கிறேன்.’

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பதிலுக்காகக் காத்திருக்கும் நிலையிலிருந்து, அடுத்த அடியை எடுத்துவைக்கும் நிலைக்கு அது உங்களைக் கொண்டுவருகிறது. சொன்னபடி புதன்கிழமை அழைக்கவும் வேண்டும்.

நேரில் செல்வதும் ஒரு வழிதான். சிறு, நடுத்தர நிறுவனங்களில் மின்னஞ்சலைவிட அதுவே பலன் தருகிறது. ஆனால் வாயிற்காவலரிடம் தன்விவரக் குறிப்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் அது மேசைக்குப் போகாமலே நின்றுவிடக்கூடும். யாரிடம் சேர்ப்பீர்கள் என்று கேட்டு, அப்பெயரையும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். மூலச் சான்றிதழ்களை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள்; நகல் போதும். ‘டெபாசிட்’ என்றும் ‘பயிற்சிக் கட்டணம்’ என்றும் பணம் கேட்பவர் வேலை தருபவர் அல்லர்.

சந்திப்புக் கிடைத்துவிட்டது என்று கொள்வோம். சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லியில் பெருநிறுவனங்களின் 25 மனிதவள மேலாளர்களைச் சந்தித்து எழுதிய ஆய்வும் 2007இல் வெளியானதே. சாதி பார்ப்பதாக எவரும் ஒப்புக்கொள்ளவில்லை. தகுதி மட்டுமே பார்க்கிறோம் என்றனர். அதே மூச்சில், விண்ணப்பதாரரின் ‘குடும்பப் பின்னணி’யைக் கேட்டறிவது இன்றியமையாதது என்றனர். தந்தை என்ன படித்தார், என்ன செய்கிறார், எங்கே வளர்ந்தீர்கள் என்பவை அவர்களுக்குக் குணத்தை அளக்கும் கேள்விகள். நம் ஊரில் இவற்றின் வடிவம் நமக்கு நன்கு தெரியும். ‘எந்த ஊர்?’ என்பதில் தொடங்கும். ‘ஊரில் எந்தப் பக்கம்?’ என்று நகரும். ‘அங்கே எங்கள் சொந்தக்காரர் இன்னார் இருக்கிறார், தெரியுமா?’ என்று முடியும். கேட்பவரும் விடையளிப்பவரும் என்ன பேசுகிறோம் என்பதை அறிந்தே பேசுகிறார்கள்.

இதற்கு ஒரே விடை இல்லை. ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டு உடனே வேலைக்குத் திரும்புவது ஒரு வழி: ‘திருவாரூர் பக்கம், ஐயா. அங்கிருந்துதான் திருச்சிக்குப் படிக்க வந்தேன். இறுதியாண்டில் நான் செய்த பணி இது’ என்று கோப்பைத் திறந்து காட்டலாம். நேரடியாகவே கேட்டால், ‘இந்தப் பணிக்கு அது தேவைப்படுகிறதா, ஐயா?’ என்று குரலை உயர்த்தாமல் கேட்கலாம். அப்படிக் கேட்டதால் வேலை போகலாம். அந்த இழப்பை எடைபோட வேண்டியவர் பசியோடு அந்த நாற்காலியில் அமர்ந்திருப்பவரே. வெளியிலிருந்து வீரம் பேச எங்களுக்கு உரிமையில்லை. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கரே, 1917இல் பரோடாவில் தங்க இடமின்றி விரட்டப்பட்டார். பின்னர் பம்பாயில் அவர் தொடங்கிய முதலீட்டு ஆலோசனைத் தொழிலும், அவர் தீண்டப்படாதவர் என்று வாடிக்கையாளர்கள் அறிந்ததும் நின்றுபோனது. 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானபோது உடன் பணிபுரிந்தோர் தண்ணீர்ப் பானையைப் பகிர மறுத்தனர்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசமைப்புச் சட்டத்தின் 16ஆம் உறுப்பு அரசுப் பணியில் சம வாய்ப்பை உறுதிசெய்கிறது. தனியாரை அது தொடுவதில்லை. 17ஆம் உறுப்பு தீண்டாமையை எவ்வடிவிலும் தடை செய்கிறது. அது தனிமனிதர்களையும் கட்டுப்படுத்தும். அதன் வழிவந்த குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955இன் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் ஒருவரை எந்தத் தொழிலையும் செய்யவிடாமலோ எந்த வேலையிலும் சேரவிடாமலோ தடுப்பதைக் குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராயின், அச்செயல் தீண்டாமையின் பேரில் நிகழ்ந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. மறுத்து மெய்ப்பிக்கும் பொறுப்பு எதிரியுடையது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 3(1)(za)(E) உட்பிரிவு, பொதுமக்களுக்கு உரிமையோ அணுகலோ உள்ள எந்த வேலையிலும் பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சேரவிடாமல் தடுப்பதற்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது.

தாளில் வலுவான இவ்வேற்பாடுகள் ஆள்தேர்வு அறைக்குள் ஏன் மங்கிப்போகின்றன? ‘பொதுமக்களுக்கு அணுகல் உள்ள வேலை’ என்ற சொற்றொடரைக் கவனியுங்கள். விளம்பரம் செய்யப்பட்ட வேலைக்கு அது எளிதில் பொருந்தும். மைத்துனர் வழியாகவே நிரம்பும் வேலைக்கு, ‘இடமே இருக்கவில்லை’ என்று முதலாளி சொல்லிவிடலாம். நேர்காணல் அறையில் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் வேறொரு சிக்கல் எழுகிறது. 3(1)(r), 3(1)(s) உட்பிரிவுகள் இழிவு ‘பொதுப் பார்வையில்’ நிகழ்ந்திருக்க வேண்டும் என்கின்றன. ஹிதேஷ் வர்மா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம், பொதுமக்கள் எவருமில்லாத நான்கு சுவர்களுக்குள் பேசப்பட்டது அதில் அடங்காது என்று கூறியது. நேர்காணல் என்பதே பெரும்பாலும் மூடிய அறையில் நிகழ்வது!

எல்லாவற்றுக்கும் மேலாக, இவை குற்றவியல் சட்டங்கள். ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டிய சுமை, ஓர் அழைப்புக் கடிதம் ஏன் வரவில்லை என்ற கேள்விக்குப் பொருந்திவருவதில்லை. முதலாளியைச் சிறைக்கு அனுப்புவதைவிட, அந்த வேலையையோ இழப்பீட்டையோ பெறுவதே பெரும்பாலோருக்குத் தேவை. அதற்கான உரிமையியல் வழி நம் நாட்டில் சாதிக்கு மட்டும் அமைக்கப்படவில்லை. ஆள்தேர்வில் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டைச் சம ஊதியச் சட்டம் 1976இலேயே தடுத்தது, எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கு எதிரான பாகுபாட்டை 2017ஆம் ஆண்டுச் சட்டமும், திருநர்களுக்கு எதிரானதை 2019ஆம் ஆண்டுச் சட்டமும் தனியார் பணியிலும் தடை செய்கின்றன. அவற்றின் செயலாக்கம் எப்படியாயினும், பாகுபாட்டின் பெயரை அவை சொல்லின. சாதியின் பெயரைச் சொல்லித் தனியார் ஆள்தேர்வில் சம வாய்ப்பை உரிமையாக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இன்றுவரை இயற்றவில்லை. 2006இல் தனியார் துறை இட ஒதுக்கீட்டுப் பேச்சு எழுந்தபோது தொழில் கூட்டமைப்புகள் தாமாகவே பின்பற்றும் நடத்தை நெறி ஒன்றை முன்வைத்தன. விவாதம் அத்தோடு தணிக்கப்பட்டது. நிதிஷா வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் மறைமுகப் பாகுபாடு என்னும் கோட்பாட்டை ஏற்றது. நடுநிலையாகத் தோன்றும் ஒரு நடைமுறை ஒரு பிரிவினரை மட்டும் பெரிதும் பாதித்தால் அதுவும் பாகுபாடே என்பது அதன் சாரம். ராணுவத்தின் பெண் அதிகாரிகள் தொடுத்த வழக்கு அது. ரெஃபரல் முறைக்கும் அதே அளவுகோலை நீட்டும் சட்டம் வேண்டும் என்பது நம் கோரிக்கையாக வேண்டும்.

அதுவரை, நேரடியாகக் கேட்பதில் சட்டப்படியான பயன் ஒன்றும் உண்டு. எழுத்தில் கேட்டுவிட்டால், ‘அப்படி ஒருவர் வரவே இல்லை’ என்று பிறகு சொல்ல இயலாது. ஆகவே மின்னஞ்சலாக அனுப்புங்கள். தாளில் கொடுத்தால் நகலில் ஒப்புகை வாங்குங்கள். சந்திப்பு முடிந்த அன்றே ஒரு சிறு நன்றி மடல் அனுப்புங்கள்: ‘இன்று காலை 11 மணிக்குத் தங்களைச் சந்தித்தேன். தற்போது இடமில்லை என்றும் அடுத்த காலியிடத்தின்போது தெரிவிப்பதாகவும் கூறினீர்கள். நன்றி.’ அது நயத்தக்க பழக்கம். அதே சமயம் ஆவணமும் ஆகும். இரண்டு வாரத்தில் அதே பணிக்கு வேறொருவர் அமர்த்தப்பட்டால், அந்த மடலிலிருந்துதான் எங்கள் வாதம் தொடங்கும். கைப்பேசியில் வந்த செய்திகளை அழிக்காதீர்கள். கைப்பேசியை மாற்றினாலும் பழையதை வைத்திருங்கள். மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழ் தர மூலக்கருவி கையிலிருப்பது நல்லது.

முறையிடக் காவல் நிலையம் மட்டுமே இடமன்று. அரசமைப்பின் 338ஆம் உறுப்பின்படி அமைந்த தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையமும், 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தமிழ்நாடு மாநில ஆணையமும் புகாரைப் பெற்று விசாரிக்கும். தேசிய ஆணையம் விசாரணைக்கு ஆட்களை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் கொண்டது; முடிவில் அது பரிந்துரைக்க மட்டுமே இயலும் என்றாலும், நியமனக் கோப்பை மேசைக்கு வரவழைப்பதே சில வேளைகளில் பாதி வேலையை முடித்துவிடும். காவல் நிலையம் செல்வதாயின் கால வரம்பை மறவாதீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டக் குற்றத்துக்குத் தண்டனை ஐந்தாண்டு வரை நீள்வதால் கால வரம்பு குறுக்கிடாது. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவுக்கு உச்சத் தண்டனை ஆறு மாதமே. ஆகையால் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் முறையிட்டாக வேண்டும். வேறு வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு, பதினான்காம் மாதத்தில் கோப்போடு வருபவர்களிடம் இந்தப் பிரிவு இனிப் பயன்படாது என்று சொல்ல நேர்கிறது.